விதை சரி, தண்ணி எந்த நாள்?

எங்கள் ஊர்ப் பொதுத் தோட்டத்தில் விதைக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஒரு பழைய இரும்பு அலுமாரி இருக்கிறது. முன்பு வாரப் பத்திரிகைகளைக் கட்டி அடுக்கிய தட்டுகளில் இப்போது ஹோர்லிக்ஸ் போத்தல்களும் நெஸ்டமோல்ட் ரின்களும் நிற்கின்றன, உள்ளே பயித்தை, கத்தரி, வெண்டி, பாகல், புடோல், கீரை என்று எல்லாம். யார் வந்து கேட்டாலும் கொடுப்போம். காசு இல்லை, கொப்பியில் பெயர் எழுதினால் சரி. அந்தக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இடாப்பு மார்க் பண்ணுகிறவள் என்பதால் இங்கேயும் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

புரட்டாசியில் விதை நாள் வைத்தால் முற்றம் நிறையச் சனம் வரும். பாத்தி கேட்டுப் பெயர் கொடுப்பவர்களும் குறைவில்லை. ஐப்பசி, கார்த்திகை எல்லாம் ஒரே கலகலப்பு. தைப்பொங்கல் கழிய ஒவ்வொருவராகக் குறையத் தொடங்குவார்கள். மாசிக்குள் பழைய ஆட்கள் மட்டும் மிஞ்சுவோம், புதுப் பாத்திகளில் கோரை முளைத்திருக்கும். ஏன் இப்படி என்று கூட்டத்தில் கேட்டால் ஒரே பதில்தான்: "இப்பத்தையச் சனத்துக்குப் பொறுமை இல்லை ரீச்சர், சும்மா குடுத்தா இப்பிடித்தான்." இந்தப் பதில் எனக்குச் செமிக்கவே இல்லை. போனவர்களில் பலர் என்னைவிடப் பொறுமைசாலிகள். மார்கழி மழையில் வரம்பு உடைந்தபோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கிய ஓட்டோக்காரத் தம்பியும் அடுத்த மாசியில் இல்லை. அவருக்கா பொறுமை இல்லை?

தோட்டம் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலுக்கும் உரும்பிராய்க்கும் இடையில். காணிக்காரர் கனடாவில். வளவு பற்றையாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "சும்மா கிடக்கிறதுக்கு நீங்கள் ஏதும் செய்யுங்கோ" என்று போனில் சொன்னார், அவ்வளவுதான் ஒப்பந்தம். தொடங்கியது 2022இல். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தி நவம்பரில் திரும்ப விட்டதையும், அடுத்த வருடம் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் வரிசையில் நின்றதையும், அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னதையும் நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த நேரம் மரக்கறி விலையைப் பார்த்துப் பயந்த அயலட்டைக் குடும்பங்கள் சில சேர்ந்து பற்றை வெட்டி, கிணறு இறைத்துத் துப்பரவாக்கி, பாத்தி பிரித்தோம். பிறகு விலை கொஞ்சம் இறங்கியது. தோட்டம் மட்டும் நின்றுவிட்டது.

அலுமாரிக்குள் இருப்பது

விதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் நாங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர். கடையில் வாங்கும் பக்கற் விதைகளில் கனக்க கலப்பின விதைதான். முதல் தரம் வடிவாகக் காய்க்கும். அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய்க்கவே காய்க்காது, தாயின் குணம் ஒரு செடியில், தகப்பனின் குணம் இன்னொன்றில் என்று பிரிந்துபோகும். அதனால் அலுமாரிக்குள் கலப்பினம் எடுப்பதில்லை. திருநெல்வேலி ஊதாக் கத்தரி, மகாஇலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்.ஐ. 2 மிளகாய் மாதிரி எடுத்து எடுத்துப் போடக்கூடிய இனங்களும், ஊருக்குள் பரம்பரையாகக் கைமாறி வந்தவையும் மட்டும்.

புதிதாக வருகிறவருக்கு முதலில் பயித்தை கொடுப்போம். பயித்தம்பூ பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், அயலில் வேறு இனம் நின்றாலும் பெரிதாகக் கலக்காது, கொடியிலேயே நெற்றாகக் காயவிட்டு உரித்தால் விதை தயார். கத்தரி அடுத்த வகுப்பு: காய் மஞ்சளாகிப் பழுக்கும் வரை விடவேண்டும், கறிக்கு ஆசைப்படக் கூடாது, பிறகு தண்ணியில் பிசைந்தால் பதர் மிதக்கும், நல்லது அடியில் தங்கும். பூசணி மேல் வகுப்பு. தேனீ எங்கெல்லாம் போய்வந்தது என்று யாருக்குத் தெரியும், விதைக்கென்று ஒரு காய் வேண்டுமென்றால் முதல் நாள் பின்னேரமே, அடுத்த நாள் விரியப்போகிற பெண்பூவையும் ஆண்பூவையும் நூலால் கட்டிவைத்து, விடிய அவிழ்த்து, கையால் தடவித் திரும்பவும் கட்டவேண்டும். சுரைக்கு இதே வேலையைப் பின்னேரம் செய்யவேண்டும், அதன் பூ பொழுதுபடத்தான் விரியும். பப்பாசி விதை தருவதை மட்டும் விட்டுவிட்டோம். தந்த மரம் ஆண்மரமாகப் போனால் மூன்று வருடம் கழித்தும் வீதியில் மறித்துக் கேட்கிறார்கள்.

சேமிக்கிற விசயத்தில் அம்மம்மாமார் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். சுரைக்குடுவையையும் பீர்க்கம் நெற்றையும் அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டார்கள், கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டினார்கள், பயற்றுக்குள் காய்ந்த வேப்பிலை போட்டார்கள். விதை ஆய்வாளர்கள் சொல்கிற கணக்கும் அதையேதான் சொல்கிறது: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும், வைக்கிற இடத்தின் சூடு 5 பாகை குறைந்தாலும் அப்படியே. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சூட்டைக் குறைக்க வழியில்லை, ஈரத்தைக் குறைக்கலாம். அதனால் போத்தலின் அடியில் வறுத்த அரிசி கொஞ்சம் துணியில் முடிந்து போடுகிறோம். விதை நாளுக்கு முதல் கிழமை ஒவ்வொரு போத்தலிலிருந்தும் 10 விதை எடுத்து ஈரச்சீலையில் சுற்றி வைப்போம், குறைந்தது எட்டு முளைக்கவேண்டும். குறைந்தால் அந்தப் போத்தல் மேசைக்கு வராது.

வெளிநாட்டுச் சொந்தங்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிற விதையையும் எடுப்பதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தோட்டத் துண்டு எடுத்து எங்கள் பாகலும் புடோலும் வளர்க்கிறார்கள், நல்ல விசயம். ஆனால் அங்கே விளைந்த விதையை அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாது, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1999இலிருந்தே இருக்கிறது. விதையோடு என்ன நோய் வரும் என்று தெரியாது. அன்போடு கொண்டுவந்து நீட்டுகிறவரிடம் இதைச் சொல்வது சங்கடமான வேலை. ஒரு மாமி இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

சும்மா கொடுத்தால் மதிப்பில்லையாம்

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த விதையை வாங்கிப்போனவர்கள் போடாமல் விட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து இளைப்பாறிய ஒருவர் எங்களோடு இருக்கிறார், எல்லாரும் சங்கக்கடை அண்ணை என்போம். பக்கற்றுக்கு இருபது ரூபா என்றாலும் வாங்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. காசு கொடுத்தால்தான் பொருளுக்கு மதிப்பு என்பார். எனக்கு அதில் ஒரு நாளும் உடன்பாடில்லை. காசு கொடுத்து வாங்கிய எத்தனையோ சாமான் எங்கள் வீட்டிலேயே பிரிக்காமல் கிடக்கிறது.

இலவசத்தைப் பற்றி எங்கள் சனத்துக்கு இருக்கிற மனநிலைக்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யுத்தம் முடிந்த பிறகு எத்தனை தரம் வரிசையில் நின்று வாங்கியிருப்போம்! மண்வெட்டி, விதைப் பொதி, தென்னங்கன்று, கோழிக்குஞ்சு. பனர் கட்டியிருக்கும், வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் படத்தில் விழும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், பிறகு கையெழுத்து. வட மாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அறிவித்த பிறகு கன்றுகளும் அப்படித்தான். நட்ட அன்றைக்குப் படம் எடுப்பார்கள். மாசியில் அந்தக் கன்றுக்குத் தண்ணி ஊற்றியது யார் என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. கொடுக்கிற நிமிடத்தோடு கொடுத்தவருக்கு வேலை முடிந்துவிடுகிறது என்பது வாங்குகிறவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்குகிறார். அதனால் எங்கள் விதை நாளில் படம் எடுப்பதில்லை என்று முதல் வருடமே சண்டை பிடித்து முடிவெடுத்தோம். அதைச் சண்டை பிடித்து வென்றவர் சங்கக்கடை அண்ணைதான், அதையும் சொல்லவேண்டும்.

பிறகு இன்னொரு யோசனை வந்தது. விதையைக் கடனாகக் கொடுப்போம், விளைந்ததும் வாங்கியதற்கு இரட்டிப்பாகத் திருப்பித் தரட்டும். கேட்க நியாயமாக இருந்தது, ஒரு போகம் செய்தும் பார்த்தோம். நடந்தது என்னவென்றால், விளைந்தவர்கள் நாங்கள் கேட்காமலேயே கொண்டுவந்தார்கள். விளையாதவர்கள் கடன்காரரைக் கண்ட மாதிரி எங்களைக் கண்டதும் ஒழுங்கையால் திரும்பிப் போனார்கள். பூச்சி பிடித்தது, ஆடு தின்றது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, இப்படி ஏதோ ஒன்றால் தவறவிட்டவர்தான் திரும்ப வந்து விதை கேட்கவேண்டியவர். அவரையே அந்த விதி துரத்திவிட்டது. அடுத்த போகமே எடுத்துவிட்டோம். முடிந்தால் கொண்டுவாங்கோ, முடியாவிட்டால் சும்மா வாங்கோ.

அப்படி மாற்றியும் மாசி மாதக் கோரை குறையவில்லை.

"எனக்கு எந்த நாள்?"

போன விதை நாளுக்கு ஒரு பெண் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு பொடியன். சொந்த இடம் வன்னியில் விசுவமடுப் பக்கம், புருசன் மேசன் வேலைக்காக இங்கே வந்து ரயில் பாதைக்குக் கிட்ட வாடகைக்கு இருக்கிறார்கள். மற்றவர்கள் மாதிரி மேசையில் இருந்ததையெல்லாம் அள்ளவில்லை. கத்தரி விதையைக் கையில் எடுத்துப் பார்த்து எப்போது காயவைத்தது என்று கேட்டார், பயித்தையில் மட்டும் ஒரு பிடி எடுத்தார், பிறகு தன் பைக்குள் இருந்து ஒரு கடதாசிச் சரை எடுத்து நீட்டினார். வெள்ளரி மாதிரிக் காய்க்கிற கெக்கரியின் விதை. "இது எங்கட பக்கத்துக் கெக்கரி. உங்களிட்ட இல்லைப் போல கிடக்கு, வைச்சுக்கொள்ளுங்கோ." நான் கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்:

"சரி ரீச்சர், எனக்கு எந்த நாள் தண்ணி?"

நான் நிமிர்ந்து சங்கக்கடை அண்ணையைப் பார்த்தேன். அவர் கிணற்றைப் பார்த்தார். "இப்ப மழை வரப்போகுது பிள்ளை. தண்ணியைப் பற்றிப் பேந்து பாப்பம்."

"பேந்து எண்டா எப்ப ஐயா? தைக்குப் பிறகு மழை இல்லையே. நாள் தெரிஞ்சாத்தான் நான் என்னத்தைப் போடுறது எண்டு யோசிக்கலாம்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டுக் கேட்கவும் இல்லை, தோட்டம் செய்த எவரும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். எங்கள் வலிகாமப் பகுதியில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, குளத்து வாய்க்கால் இல்லை. மழையின் பெரும் பங்கும் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு எல்லாம் கிணறுதான். இந்த ஊரில் விதையை யாரும் யாருக்கும் கொடுத்துவிடலாம், ஒரு பழத்துக்குள் நூறு கிடக்கிறது. தண்ணி அப்படி இல்லை. உறுதிகளை எடுத்துப் பாருங்கள், காணி எத்தனை பரப்பு என்று எழுதியதும் அடுத்து கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை எப்படி என்று வரும். அண்ணன் தம்பி கோடு (நீதிமன்றம்) ஏறியதும் பெரும்பாலும் அதற்காகத்தான்.

எங்கள் கிணற்றடியிலும் ஒரு பலகை இருக்கிறது. திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை இன்னார், பின்னேரம் இன்னார். 2022இல் பற்றை வெட்டிய குடும்பங்களின் பெயர்கள். மற்ற எல்லா விபரத்தையும் சோக்கால் எழுதுகிறவர்கள் அந்தப் பெயர்களை மட்டும் எனாமல் பெயின்ரால் எழுதியிருந்தோம். புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: "ஆரும் வராத நாளில நீங்கள் விட்டுக்கொள்ளுங்கோ." மழைக்காலத்தில் இந்த வசனத்தில் ஒரு பிழையும் தெரியாது. மாசி வெயிலில் அதற்கு என்ன அர்த்தம் என்றால், வேலை முடிந்து வந்து, மோட்டரடியில் நின்று, இன்றைக்கு யார் வரமாட்டார் என்று பார்த்து, வந்துவிட்டால் இளித்துவிட்டு வீட்டுக்குப் போவது. அப்படி எத்தனை நாள் நிற்பது?

அன்றிரவு கொப்பியை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். போனவர்களைத் தேடவில்லை, மிஞ்சிய புது ஆட்கள் யார் என்று பார்த்தேன். ஒருவர் பலகையில் இருப்பவரின் மருமகன். இன்னொருவர் அந்த மருமகனின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. இன்னொரு பெண் எங்கள் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவர், பின்னேரத்தில் தாயின் நாளில் தானும் விட்டுக்கொள்வார். பலகையில் சொந்தக்காரர் இல்லாத ஒருவர்கூட ஒரு கோடையைத் தாண்டவில்லை. நாங்கள் எல்லாரும் பொறுமையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

எவடம்?

இதைக் கூட்டத்தில் வைத்தபோது முதலில் வந்த மறுப்பு நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதன் ஓட்டைகளுக்குள் மழைத்தண்ணி, அதற்கும் கீழே உவர். நல்ல தண்ணி பாரம் குறைந்தது என்பதால் உவருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி நல்ல தண்ணியின் மட்டம் 1 அடி இறங்கினால் உவரின் எல்லை 40 அடி மேலே ஏறும். கூட ஆட்களைச் சேர்த்துக் கூட இறைத்தால் ஒருவருக்கும் இல்லாமல் போகும் என்று வாழை வைத்திருக்கிற மாமா சொன்னார். அவருக்கு எழுபது வயது, துலா மிதித்த காலத்திலிருந்து கிணறு தெரிந்தவர். கரையோரத்துக் கிணறுகள் உவரானதைக் கண்ணால் கண்டவர்.

ஆனால் அவருடைய வாழைக்கு வாரத்தில் இரண்டு தரம் பாத்தி நிறைய விடுகிற தண்ணியில் எத்தனை பயித்தங்கொடி பிழைக்கும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கிணறு தாங்காது என்பது உண்மையென்றால் அது எல்லாருக்கும் தாங்காது, பலகையில் பெயின்ரால் எழுதப்பட்டவர்களுக்கு மட்டும் தாங்கும் கிணறு உலகத்தில் இல்லை. நான் இதைச் சொன்னதும் கூட்டத்தில் கொஞ்சம் சூடு ஏறியது. அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது, மெதுவாக, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்பது மாதிரி: "உந்தப் பிள்ளை எவடத்து ஆக்கள்?"

விசுவமடு என்றேன்.

"அது தெரியும். அங்க எவடம்? முந்தி எங்கயிருந்து போனவையாம்?"

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டு, அடுத்த கேள்வியாக இது வரும். ஊரில் தொடங்கி, குறிச்சிக்கு வந்து, கோயிலுக்கு வந்து, தகப்பன் பெயருக்கு வந்து, என்ன சாதி என்று போதுமான அளவு தெரிந்ததும் நின்றுவிடும். சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. 1966 ஒக்ரோபரில் தீண்டாமையை எதிர்த்துச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போனார்கள், 1968இல் உள்ளே விடச் சொல்லி மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் நின்றார்கள். தேநீர்க்கடைத் தனிப் பேணிகள் போய்விட்டன. கிணற்றில் வாளி போடுவதற்கும் இப்போது ஒருவரும் வாய்விட்டுத் தடை சொல்லமாட்டார்கள். மோட்டர் வந்த பிறகு வாளியே இல்லை, சுவிட்சைப் போட்டால் குழாயால் தண்ணி வருகிறது, ஒருவரின் கையும் தண்ணியில் படுவதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வி கிணற்றடியில்தான் வந்து நிற்கிறது. விதை மேசையில் ஒருவரும் கேட்கவில்லை பாருங்கள், அங்கே எல்லாரும் பிள்ளை, எல்லாரும் தம்பி.

1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு நடந்த சனத்தில் நானும் ஒருத்தி, அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. நாவற்குழிப் பாலத்தில் மழையில் ஊர்ந்து, விடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் தண்ணி கேட்டோம். வீட்டுக்கார அம்மா வாளியோடு வந்தார், வந்தவர் படலையில் நின்று அம்மாவிடம் கேட்டார், "நீங்கள் எவடம்?" அம்மா ஊரைச் சொன்னார், குறிச்சியைச் சொன்னார், கடைசியில் ஐயாவின் தகப்பன் பெயரையும் சொன்னார். பிறகு படலை திறந்தது, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினோம், அவர்கள் வீட்டிலேயே இரண்டு கிழமை இருந்தோம், அவ்வளவு நல்ல சனம். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பத்திடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அவர்களுக்கும் தண்ணி கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. படலைக்கு வெளியே வைத்து, கைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, மேலிருந்து ஊற்றினார். அந்தப் பிள்ளைகளில் ஒன்று என் வயதுதான், ஊற்றிய தண்ணி விரல்களுக்குள்ளால் ஒழுகிக்கொண்டிருந்ததை நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன்.

கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எவடம் என்று கேட்டவரும் அந்த வருடம் அதே பாதையால் நடந்தவர்தான், அவருக்கும் அவருடைய கதை இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சங்கக்கடை அண்ணைதான் எழும்பினார். "சரி, பலகையை அழிச்சு எழுதுவம். ஆனா ரீச்சர், எழுதிப்போட்டு கிணறு வத்தினா நீங்கள்தான் பொறுப்பு." அவர் எப்போதும் இப்படித்தான், விட்டுக்கொடுக்கும்போதும் யாரையாவது மாட்டிவிட்டுத்தான் விட்டுக்கொடுப்பார்.

எனாமல் பெயின்ர் சும்மா அழியாது, ரின்னர் வாங்கவேண்டி வந்தது. புதிய பலகை சோக்கில்தான். நாளைக் குடும்பத்துக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, பாத்திக் கணக்கில் நேரத்தைக் கொடுத்தோம், நேரம் முடிந்தால் மோட்டரை நிற்பாட்டவேண்டும். கிணற்றுக்குள் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு தொங்குகிறது, ஒரு முடிச்சுக்குக் கீழே தண்ணி போனால் அன்றைக்கு எல்லாருக்கும் பாதி நேரம், பழையவர் புதியவர் என்று இல்லை. பாத்திக்கு மேலே காய்ந்த வாழைச்சருகும் குழையும் பரப்பி மூடுவதைக் கட்டாயமாக்கினோம். இது மாமாவின் யோசனை. வாழையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, இருக்கிற தண்ணியை எப்படி நிற்பாட்டிவைப்பது என்று அவர்தான் இளையவர்களுக்குக் காட்டிக்கொண்டு திரிகிறார். எல்லாம் இப்படிச் சுமுகமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எவடம் என்று கேட்டவர் தோட்டத்துக்கு வருவதை நிற்பாட்டிவிட்டார். காரணம் கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். இருக்கலாம்.

புதிதாக வருகிறவரை வரவேற்கிற முறையும் தலைகீழாகிவிட்டது. முன்பு அலுமாரியைத் திறந்து போத்தல்களைக் காட்டுவோம், அவரும் ஆசையாகப் பார்ப்பார், சரையில் கட்டிக் கொடுப்போம். இப்போது முதலில் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். இது சுவிட்ச், இது கயிறு, இது உங்கள் நேரம் என்று அவர் கையாலேயே பலகையில் பெயரை எழுதச் சொல்கிறோம். கோடைக்கு எவ்வளவு தண்ணி கிடைக்கும் என்று தெரிந்த பிறகு விதைக்கு வருகிறார். நேரம் போதாது என்று கணக்குப் பார்த்து, பாத்தி வேண்டாம், வீட்டுச் சாடிக்கு மட்டும் விதை தாங்கோ என்று போனவர்களும் உண்டு. அதுவும் நல்லதுதான், அவர் ஏமாறாமல் போகிறார். கொப்பியில் "சொந்த இடம்" என்று ஒரு நிரல் இருந்தது, முதல் கொப்பியைத் தொடங்கும்போது யாரோ சொல்லிப் போட்டது. புதுக் கொப்பியில் அந்த நிரலுக்குப் பதிலாக "என்ன பயிர் தெரியும்" என்று போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் அதில் எழுதுவதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஓட்டோக்காரத் தம்பியைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கூப்பிட்டோம், இராசவள்ளிக் கிழங்கு என்று எழுதினார். அவருக்கு இராசவள்ளி தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, வந்த நாளிலிருந்து அவருக்குப் பயித்தங்கொடி கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

விசுவமடுக்காரிக்குச் சனிக்கிழமை பின்னேரம் கிடைத்தது. கெக்கரி இந்தக் கோடையில் நன்றாகவே வந்தது, சந்தைக்கும் கொஞ்சம் போனது. பலகைச் சண்டை ஓய்ந்து இப்போது மின்சார பில் சண்டை நடக்கிறது. பாத்திக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, மோட்டர் ஓடிய நேரத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்பதுதான் பிரச்சினை. மாமா பாத்திக் கணக்குத்தான் சரி என்கிறார், ஏனென்றால் இன்னமும் வாழை கொஞ்சம் வைத்திருக்கிறார். விசுவமடுக்காரி மணிக்கணக்கு என்கிறார், கூட்டத்தில் அவரோடு கதைத்து வெல்ல ஏலாது என்பதும் இப்போது எல்லாருக்கும் தெரியும். வருகிற ஞாயிறு பின்னேரம் திரும்பவும் கூட்டம்.